டிஸ்பிளேயில் விழுந்த பூட்டு: திருடனுக்கா, கடைக்காரருக்கா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் ஐபோன் 15-இன் டிஸ்பிளே உடைந்தது. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. பக்கத்துக் கடையில் கொடுத்தீர்கள். அவர் இன்னொரு ஐபோன் 15-இல் இருந்து கழற்றிய ஒரிஜினல் டிஸ்பிளேயைப் போட்டுக் கொடுத்தார். படம் நன்றாக வருகிறது, டச் வேலை செய்கிறது. ஆனால் செட்டிங்ஸில் பார்த்தால், அந்த டிஸ்பிளே வேறு யாருடைய ஆப்பிள் கணக்கோடோ பூட்டப்பட்டிருக்கிறது, அவருடைய பாஸ்வேர்டு வேண்டும் என்கிறது. "எங்களைப் போன்ற கடைகளை ஒழிக்க கம்பெனி செய்கிற வேலை" என்கிறார் கடைக்காரர். "திருட்டு போனின் பார்ட்ஸைப் போட்டுவிட்டான்" என்கிறார் உங்கள் மச்சான். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன்: இந்தப் பூட்டு உண்மையில் யாரைத் தடுக்க வந்தது, உங்கள் போனுக்கு இனி ஏதாவது சிக்கல் வருமா.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொழில் கற்றுக்கொண்டு, பல வருஷமாகத் தனிக் கடையில் போர்டு வேலை, அதாவது போனின் சர்க்யூட் பலகையில் ரிப்பேர், பார்ப்பவன். எந்த கம்பெனியின் அங்கீகாரமும் எனக்குக் கிடையாது. ஆகவே இந்த விவகாரத்தில் என் பிழைப்பும் கலந்திருக்கிறது, அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள். வக்கீலும் இல்லை, சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில், தொழிலுக்காகத் தெரிந்துகொண்ட அளவுதான் சொல்கிறேன்.

உங்கள் கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மச்சான் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பூட்டை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம், 'திருட்டுத் தடுப்பு' என்ற ஒரே பெயரில் இன்றைய போனுக்குள் மூன்று விதமான பூட்டுகள் இருக்கின்றன. போனின் சொந்தக்காரர் யார் என்று பார்ப்பது ஒன்று. கைரேகை, முகம் ஆகியவற்றைப் படிக்கும் உறுப்பு மாற்றப்பட்டதா என்று பார்ப்பது இன்னொன்று. டிஸ்பிளே, பேட்டரி, கேமரா போன்ற சாதாரண பார்ட்ஸ் அதே போனோடு பிறந்தவையா என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே காரணத்துக்காக வந்தவை அல்ல, கடையில் மூன்றும் தரும் தொல்லையும் ஒரே மாதிரி அல்ல. சண்டை போடுகிற இரண்டு தரப்பும் மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் குழப்பம்.

முதல் பூட்டு வந்த கதையைச் சொல்கிறேன். 2012, 2013 வாக்கில் அமெரிக்காவின் பெரிய நகரங்களில் போன் பறிப்பு பெரிய தலைவலியாக இருந்தது. 2013 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் கஸ்கோனும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மேனும் சேர்ந்து, திருடிய போனை யாருக்கும் பயன்படாமல் செய்யும் வசதி வேண்டும் என்று கம்பெனிகளை நெருக்கினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7-உடன் ஆப்பிள் ஆக்டிவேஷன் லாக்கைக் கொண்டுவந்தது: போனை அழித்து ரீசெட் செய்தாலும், பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அது உயிர் பெறாது. 2014-இல் கலிபோர்னியா இதைச் சட்டமாக்கியது. 2015 ஜூலை 1 முதல் தயாரித்து அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களில் இப்படி ஒரு வசதி இருந்தே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்போடு 2015-இல் வந்ததுதான் நாம் எஃப்ஆர்பி என்று சொல்லும் பூட்டு. ரீசெட் செய்த பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்கும்.

இதனால் பலன் இருந்ததா? ஐஓஎஸ் 7-க்கு முந்தைய ஆறு மாதத்தோடு பிந்தைய ஆறு மாதத்தை ஒப்பிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் வழிப்பறி 38 சதவீதமும் லண்டனில் ஐபோன் திருட்டு 24 சதவீதமும் குறைந்ததாக அந்த அதிகாரிகள் 2014-இல் சொன்னார்கள். குறைந்தது உண்மை. முழுக்கப் பூட்டினால்தான் குறைந்ததா என்பதை அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். இருந்தாலும் கடையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகமில்லை. ஐகிளவுட் லாக் (கடைகளில் ஆக்டிவேஷன் லாக்கை இப்படித்தான் சொல்வோம்) விழுந்த செட்டை முழுப் போனாக யாரும் வாங்குவதில்லை. பார்ட்ஸ் விலைக்குத்தான் கேட்பார்கள். திருடியவன் கைக்கு வரும் காசு அங்கேயே குறைந்துவிடுகிறது. இந்தப் பூட்டு இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் கடைக்கு இது தரும் வேலையைக் கேளுங்கள். நம் ஊரில் எஃப்ஆர்பியில் மாட்டுகிறவர்களில் திருடர்களை நான் பார்த்தது குறைவு. பெரும்பாலும் சொந்தப் போனை வைத்திருக்கும் சாதாரண மனிதர்கள். போன் வாங்கிய அன்று ஷோரூம் பையனே ஒரு ஜிமெயில் ஐடி திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டு, பிளே ஸ்டோரைத் திறந்து கையில் கொடுத்துவிடுவான். அந்த ஐடி என்ன என்றே வாங்கியவருக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து போன் லோகோவிலேயே நின்றுவிடும். சாஃப்ட்வேர் போடுவதைத் தவிர வழியில்லை. பிளாஷ் செய்து எழுப்பினால் திரையில் வரும் முதல் கேள்வி, 'இந்தச் சாதனத்தில் முன்பு இருந்த கூகுள் கணக்கு எது?' போனைக் கொண்டுவந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். நான் செய்த ரிப்பேர் சரிதான், போன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவரால் அதைப் பயன்படுத்த முடியாது. இதனால் சாஃப்ட்வேர் வேலைக்கு வரும் எந்த செட்டையும், ஜிமெயில் ஐடியும் பாஸ்வேர்டும் நினைவிருக்கிறதா என்று கேட்காமல் நான் தொடுவதே இல்லை.

இதைச் சுற்றிப் போக டூல்கள் கிடைக்கின்றன என்பது ஊரறிந்த விஷயம். கேபிளைச் செருகி பட்டனைத் தட்டினால் சில மாடல்களில் எஃப்ஆர்பி போய்விடும். ஆண்ட்ராய்டு 15-இல் கூகுள் இதை இறுக்கியிருக்கிறது. ஆரம்ப செட்டப் திரையை ஏமாற்றித் தாண்டினாலும் பூட்டு போகாது. டூல் இருக்கிறதா இல்லையா என்பதை விட எனக்குப் பெரிய சிக்கல் வேறு. எதிரே நிற்பவர் உண்மையான சொந்தக்காரரா என்று தெரிந்துகொள்ள என்னிடம் எந்த வழியும் இல்லை. பில் இருக்கிறதா என்று கேட்பேன், பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, போனோடு ஒப்பிடுவேன், அடையாள அட்டை நகல் வாங்கி நோட்டில் எழுதுவேன். பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவர் எத்தனை பேர்? பில் இல்லை என்று திருப்பி அனுப்பினால், எதையும் கேட்காத கடைக்கு அவர் போவார். நேர்மையாக நடப்பவனுக்கு வியாபாரம் போகிறது, எதையும் கேட்காதவனுக்கு வருகிறது. பூட்டைப் போட்டவர்கள் சொந்தக்காரரை உறுதிசெய்ய ஒரு வழியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

இறந்துபோனவரின் போன் வரும்போது இது இன்னும் கொடுமை. அப்பாவின் போனைக் கொண்டுவரும் பிள்ளைகளிடம் பாஸ்வேர்டு இருக்காது. வாங்கிய ரசீதோ இறப்புச் சான்றிதழோ போன்ற ஆவணங்களைக் காட்டினால் ஆக்டிவேஷன் லாக்கை எடுத்துத் தர ஆப்பிள் வழி வைத்திருக்கிறது. ஆனால் பூட்டை எடுத்தால் போன் திரும்பக் கிடைக்குமே தவிர, உள்ளே இருக்கும் போட்டோக்கள் வராது. பாஸ்கோடு தெரியாத ஐபோனில் இருக்கும் தரவை நானோ வேறெந்தக் கடையோ எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐஓஎஸ் 15.2 முதல், தனக்குப் பிறகு தன் கணக்கைத் திறக்க உரிமை உள்ளவர் யார் என்று முன்கூட்டியே குறிப்பிட்டு வைக்கும் வசதி இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் போனில் அதைச் செய்து வையுங்கள்.

இரண்டாவது பூட்டுக்கு வருவோம். 2013-இல் ஐபோன் 5எஸ்-இல் கைரேகை சென்சார் வந்தபோது, அந்த ஹோம் பட்டனும் போர்டில் இருக்கும் பாதுகாப்புச் சிப்பும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. வேறு பட்டன் போட்டால் கைரேகை வேலை செய்யாது. இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: பொய்யான கைரேகைத் தகவலை அனுப்பும்படி தயாரித்த ஒரு சென்சாரை யாரோ உங்கள் போனில் மாட்டிவிட்டால், பூட்டுக்கே அர்த்தமில்லை. ஃபேஸ் ஐடி உறுப்புகளும் இப்படித்தான். தண்ணீர் போய், முகத்தின் மீது ஒளிப்புள்ளிகளை வீசும் புரொஜெக்டர் கெட்டால், பல மாடல்களில் இன்னொரு போனில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டு சரிசெய்ய முடியாது. மாற்றிய சென்சாரை நம்ப மறுப்பது வரை எனக்கு இதில் சண்டையில்லை.

அதற்கு மேல் போனது எங்கே என்றால், 'எரர் 53' என்று பேசப்பட்ட விவகாரத்தில். வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய போன்கள், ஐஓஎஸ் 9 அப்டேட் போட்டதும் மொத்தமாகச் செத்தன. கைரேகை மட்டும் நிற்கவில்லை, போனே நின்றது, உள்ளிருந்த படங்களோடு. முதலில் பாதுகாப்புக்காக என்றது ஆப்பிள். எதிர்ப்பு கிளம்பியதும் 2016 பிப்ரவரியில், அது தொழிற்சாலைச் சோதனைக்காக வைத்தது, வாடிக்கையாளரைப் பாதிக்க வைத்தது அல்ல என்று மன்னிப்புக் கேட்டு, திருத்திய மென்பொருளை வெளியிட்டது ஆப்பிள். திருத்திய பிறகு என்ன ஆனது? போன் எழுந்தது, கைரேகை மட்டும் வேலை செய்யவில்லை. அதாவது பாதுகாப்புக்குத் தேவையான அளவு அவ்வளவுதான் என்று அவர்களே காட்டிவிட்டார்கள். வெளிக்கடையில் ரிப்பேர் செய்ததால் இனி உதவி கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக, 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பாதுகாப்பு என்று ஒரு கம்பெனி சொல்லும்போது, எது வரை பாதுகாப்பு என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

உங்கள் டிஸ்பிளே மாட்டிக்கொண்டது மூன்றாவது பூட்டில். டிஸ்பிளே, பேட்டரி, கேமரா ஆகிய ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது, அதில் ஒரு சீரியல் எண். போர்டு அதைப் படித்து, தன்னோடு வந்ததுதானா என்று ஒப்பிடுகிறது. இல்லையென்றால் எச்சரிக்கை காட்டும், அல்லது ஒரு வசதியை நிறுத்தும். 2019-இல் பேட்டரியில் இது பெரிதாக வெளியே தெரிந்தது. ஒரிஜினல் பேட்டரியையே இன்னொரு ஐபோனில் இருந்து எடுத்துப் போட்டாலும் பேட்டரி ஹெல்த் காட்டவில்லை, சரிபார்க்க முடியவில்லை என்று செய்தி வந்தது. அப்போது இரண்டு புதிய ஐபோன்களை வாங்கி ஒன்றின் டிஸ்பிளேயை இன்னொன்றில் மாட்டினால், இரண்டுமே புகார் சொல்லின. பேட்டரியில் உங்கள் ரகசியம் எதுவும் இல்லை. அதைத் திருடன் மாற்றினான் என்பதால் உங்கள் வங்கிக் கணக்கு திறந்துவிடப்போவதில்லை.

2021-இல் ஐபோன் 13 வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த மாடலில் ஃபேஸ் ஐடி உறுப்புகள் டிஸ்பிளேயில் இல்லை, போன் உடம்பில் தனியாக இருக்கின்றன. ஆனாலும் டிஸ்பிளேயை மாற்றினால் ஃபேஸ் ஐடி நின்றது. அதைத் தவிர்க்க, பழைய டிஸ்பிளேயின் சிப்பை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கழற்றி, புதிய டிஸ்பிளேயில் சூடு வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. கண்ணாடி மாற்றும் வேலை திடீரென்று போர்டு வேலையாக ஆனது. மைக்ரோஸ்கோப் இல்லாத சின்னக் கடைகள் அந்த மாடலையே ரிப்பேருக்கு எடுக்கவில்லை. ஊடகங்களில் விஷயம் வெளியானதும், ஐஓஎஸ் 15.2-இல் அது சரிசெய்யப்பட்டது. எந்தப் பாதுகாப்பும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பூட்டுகள் கடைகளில் ஒரு தனித் தொழிலையே உருவாக்கிவிட்டன. டிஸ்பிளேயின் தகவலைப் படித்துப் புதியதில் எழுத ஒரு புரோகிராமர், பேட்டரிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. பழைய பேட்டரியின் சர்க்யூட்டை வெட்டியெடுத்துப் புதிய செல்லில் வெல்டிங் வைப்பார்கள், எச்சரிக்கை வரக்கூடாது என்பதற்காக. லித்தியம் செல்லில் சூடு வைப்பது சாதாரண காரியமில்லை. சரியாகச் செய்யாவிட்டால் தீப்பிடிக்கும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேட்டரி மாற்றத்தை, வெறும் ஒரு செய்தியை மறைக்க ஆபத்தான வேலையாக மாற்றியிருக்கிறோம். டூல் விலை, கூடுதல் நேரம் எல்லாம் கடைசியில் உங்கள் பில்லில்தான் வந்து சேரும்.

சரி, அப்படியானால் பார்ட்ஸைப் பூட்டுவதில் நியாயமே இல்லையா? இருக்கிறது, இங்கேதான் என் தொழில்காரர்கள் சிலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். முழுப் போனைப் பூட்டியதும் திருட்டு ஒழிந்துவிடவில்லை, வழி மாறியது. லண்டனில் பறிக்கப்படும் போன்களில் பல சீனாவுக்குப் போகின்றன. ஒரே கும்பல் ஒரு வருஷத்தில் 40,000 போன்கள் வரை கடத்தியதாகச் சந்தேகிப்பதாக 2025 அக்டோபரில் லண்டன் போலீஸ் சொன்னது. பூட்டைத் திறக்க முடியாத போன்கள் அங்குள்ள ஷென்ஜென் நகரின் ஹுவாச்சியாங்பெய் போன்ற சந்தைகளில் பிரிக்கப்பட்டு, டிஸ்பிளே ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம், போர்டில் இருந்து ஐசி ஒரு பக்கம் என்று விலை போகின்றன. பூட்டிய போனுக்கும் விலை இருக்கும் வரை பறிப்பும் இருக்கும். ஆகவே 2024 ஏப்ரலில் அறிவித்து, அந்த வருஷம் செப்டம்பரில் ஐஓஎஸ் 18-உடன் ஆப்பிள் பார்ட்ஸுக்கும் ஆக்டிவேஷன் லாக்கை நீட்டியது. உங்களுக்கு வந்த செய்தி இதுதான்.

இந்தப் புதிய ஏற்பாட்டில் ஒரு பெரிய முன்னேற்றமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன். முன்பெல்லாம் பழைய போனில் இருந்து எடுத்த ஒரிஜினல் பார்ட்டைக் கம்பெனி ஏற்கவே ஏற்காது. இப்போது பூட்டில்லாத போனில் இருந்து எடுத்தது என்றால், போனிலேயே இருக்கும் ரிப்பேர் அசிஸ்டென்ட் மூலம் கலிபரேஷன் (புதிய பார்ட்டைப் போனோடு பொருத்திச் சரிசெய்வது) செய்துகொள்ளலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. 'பயன்படுத்திய ஒரிஜினல்' என்று நேர்மையாகவே எழுதிக் காட்டும். நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

புதுப்பேட்டையில் பழைய வண்டியின் பார்ட்ஸ் வாங்கிப் போடுவதை நினைத்துப் பாருங்கள். திருட்டு வண்டியின் சைலன்சர் என்றால் அது என் வண்டியில் மாட்டக்கூடாது என்பது சரி. ஆனால் விபத்தில் நொறுங்கி, சொந்தக்காரரே காசு வாங்கிக்கொண்டு விற்ற வண்டியின் சைலன்சரும் மாட்டவில்லை என்றால், அந்தக் கடைத்தெருவே வீண். பார்ட்ஸ் லாக்கின் குறை இதுதான். ஐபோன் தண்ணீரில் விழுந்து போர்டு செத்துவிட்டால், சொந்தக்காரர் அதை டெட் செட்டாக விற்றுவிட்டுப் போய்விடுவார். திரையே எரியாத போனில் எப்படி சைன் அவுட் செய்வது? வேறு கருவியில் இருந்து ஐகிளவுட் தளத்துக்குள் போய் அந்தப் போனைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது, விற்றபின் யாரும் அதைப் பற்றி யோசிப்பதும் இல்லை. அந்த செட்டில் இருக்கும் நல்ல டிஸ்பிளே, நல்ல கேமரா எல்லாம் இப்போது பூட்டில். பறித்த போனும், மறதிக்காரரின் செத்த போனும் அந்தச் சிப்புக்கு ஒன்றுதான். உங்கள் டிஸ்பிளே எந்த வகை என்று பூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று மேலே எழுதியது இதனால்தான். என் மேஜைக்கு வருபவற்றில் இரண்டாவது வகையே அதிகம். ஆனால் அது என் கடையின் கதை, ஊர் முழுவதற்குமான கணக்கு இல்லை.

இத்தனையையும் பார்த்த பிறகு ஒரு பூட்டை மதிப்பிட நான் கேட்பது ஒரே கேள்வி: இதை யார் திறக்க முடியும்? போனின் சொந்தக்காரர் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறக்க முடிந்தால், அது திருட்டுக்கு எதிரான பூட்டு. சொந்தக்காரரே எதிரில் நின்று, பில்லைக் காட்டி, பாஸ்வேர்டையும் போட்டு, 'என் போன்தான், இந்தப் பேட்டரியை மாற்று' என்று சொன்ன பிறகும் கம்பெனியின் சர்வரோ அங்கீகரித்த கடையோ இல்லாமல் திறக்காது என்றால், அங்கே திருடன் எங்கே இருக்கிறான்? ஆக்டிவேஷன் லாக் இந்தச் சோதனையில் தேறும். ஐஓஎஸ் 18-இன் பார்ட்ஸ் லாக்கும் பெருமளவு தேறும். ஐபோன் 13-இன் டிஸ்பிளே விவகாரமும் பழைய பேட்டரி எச்சரிக்கையும் தேறாது. பார்ட்ஸ் லாக்கினால் பறிப்பு குறைந்ததா என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் போதவில்லை.

சட்டங்களும் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முயல்கின்றன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021 மே மாத அறிக்கையில், ரிப்பேரைத் தடுப்பதற்குக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றது. ஓரிகன் மாநிலம் 2024-இல் இன்னும் ஒரு படி போய், 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரான சாதனங்களில், வேறு பார்ட் போட்டார்கள் என்பதற்காக வசதியைக் குறைப்பதையோ தவறான எச்சரிக்கை காட்டுவதையோ தடை செய்தது. ஆப்பிள் அதைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி எதிர்த்தது, கூகுள் ஆதரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கும் விதிப்படி, சீரியல் எண்ணோடு இணைத்த பார்ட்ஸ் என்றால் அதை இணைக்கும் மென்பொருளையும் ரிப்பேர்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல முயற்சி, ஆனால் ஓரிகன் மாதிரி கட்டாயப்படுத்தும் சட்டம் அது அல்ல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ரிப்பேருக்குக் கொடுக்கும் எல்லோருக்கும் பயன்படும். போனைத் திறந்து பார்க்காமல் கேமரா, மைக், வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று கடையில் சோதிக்க முடியாது, அதனால் பின் நம்பர் கேட்போம். கொடுக்கத் தயங்குவது உங்கள் உரிமை, நானும் குறை சொல்லமாட்டேன். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், கூகுளின் பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படங்களும் மெசேஜ்களும் எங்களுக்குத் தெரியாது, வன்பொருளை நாங்கள் சோதித்துக்கொள்ளலாம். ஐபோனில் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3-உடன் வந்த திருட்டுப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், பழக்கமில்லாத இடத்தில் ஃபைண்ட் மை என்ற, தொலைந்த போனைத் தேடும் வசதியை அணைக்க முகம் கேட்கும், பாஸ்கோடு போதாது. முகம் படிக்கும் உறுப்பே கெட்டுப்போன போனை சர்வீஸ் சென்டர் கவுண்டரில் வைத்துக்கொண்டு பலர் தவித்தார்கள். பிறகு ஐஓஎஸ் 17.5-இல் ஃபைண்ட் மையை அணைக்காமலே ரிப்பேருக்குக் கொடுக்கும் நிலை ஒன்று சேர்க்கப்பட்டது. ரிப்பேர்காரரையும் நினைத்துப் பார்த்தால் பாதுகாப்பைக் குறைக்காமலே வழி செய்ய முடியும் என்பதற்கு இவை நல்ல உதாரணம். தனிக் கடையில் யாராவது காரணம் சொல்லாமல் ஃபைண்ட் மையை அணைக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். வெறும் டிஸ்பிளே மாற்ற அது தேவையில்லை.

இப்போது உங்கள் போன். டிஸ்பிளே பூட்டில் இருப்பதால் உங்கள் போன் பூட்டிக்கொள்ளாது. கால், யுபிஐ, ஃபேஸ் ஐடி எல்லாம் நடக்கும். கலிபரேஷன் மட்டும் முடியாது, அதனால் ட்ரூ டோன் (சுற்றுப்புற ஒளிக்கேற்ப திரையின் நிறத்தை மாற்றும் வசதி), நிறம் போன்றவை முன்பு போல் சரியாக இருக்காது. போலீஸ் புகாரின் பேரில் அரசின் சஞ்சார் சாத்தி தளம் வழியாக முடக்கப்படுவது ஐஎம்இஐ எண்தான், அது உங்கள் போர்டில் இருக்கிறது, டிஸ்பிளேயில் இல்லை. ஆகவே அந்த வழியிலும் உங்கள் போன் முடங்காது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பதுதான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். தெரியாமல் வாங்கியவர் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் இப்போது உங்களுக்கு ஒரு செய்தி வந்துவிட்டது, அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லியும் ஆக வேண்டும், செட்டிங்ஸில் பார்ட்ஸ் விவரத்தில் அவருக்கே தெரிந்துவிடும்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், அந்த டிஸ்பிளே எந்த செட்டில் இருந்து வந்தது என்று கேளுங்கள். நேர்மையாக டெட் செட் வாங்கியவர் என்றால் விற்றவரின் நம்பர் நோட்டில் இருக்கும். அந்தப் பழைய சொந்தக்காரர் தன் பாஸ்வேர்டை உங்கள் போனில் கேட்கும் இடத்தில் போட்டால் பூட்டு போய்விடும். பாஸ்வேர்டைப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களுக்குச் சொல்லச் சொல்லாதீர்கள். நேரில் வந்து அவரே போடட்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது, பில்லும் தரமாட்டேன் என்றால் டிஸ்பிளேயைத் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். பூட்டில்லாத ஒரிஜினல் ஒன்றோ, எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை என்றால் நல்ல தரமான வெளித் தயாரிப்பு ஒன்றோ போடச் சொல்லலாம். எதைப் போட்டாலும் பில்லில் பார்ட்டின் வகை, உங்கள் ஐஎம்இஐ, வாரன்டி நாட்கள் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.